சர்க்-ஸ்ட்ராஸ் கூட்டறிகுறி

சர்க்-ஸ்ட்ராஸ் கூட்டறிகுறி என்பது ஆஸ்துமாவும் குருதியில் இயோசினோபில் மிகுதியும் உடையவர்களிடம் தோன்றும் அரிய வகைக் குருதிக்குழல் அழற்சி நோய் ஆகும். இந்நோயில் சிறிய, நடுத்தர அளவுள்ள குருதிக்குழல்களின் சுவர்கள் அழற்சியுற்று, அவற்றின் வழியே செல்லும் குருதியின் அளவு குறைகிறது. அதனால் நரம்பு, இதயம், குடல், தோல், சிறுநீரகம் ஆகிய உறுப்புகள் பாதிப்படைகின்றன. இது தொற்றுநோய் அன்று; பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நேரடியாக வரும் பரம்பரை நோயும் அன்று. ஆண், பெண் இருபாலரையும் ஏறத்தாழச் சம அளவில் தாக்குகிறது. பெரும்பாலும் 40 முதல் 55 வயதுக்குள் கண்டறியப்படுகிறது. குழந்தைகளிடம் மிக அரிது. பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து பேர் இந்நோயுடன் வாழ்வதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

நோய் அரிதாயினும் அதனை அறிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை இல்லாவிடில் இது உயிரைப் பறிக்கக்கூடியது. உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலானோர் நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆனால் இதன் முதல் அறிகுறி ஆஸ்துமா என்பதால், பல ஆண்டுகள் வெறும் ஆஸ்துமாவாகவே கருதப்பட்டுக் காலம் கடந்துவிடுவது உண்டு.

பெயர்

நெடுங்காலம் இந்நோயை முதலில் விவரித்த இரு மருத்துவர்களின் பெயராலேயே இது வழங்கி வந்தது. ஒவ்வாமைக் கிரானுலோமா நோய், ஒவ்வாமைக் குருதிக்குழல் அழற்சி என்ற பெயர்களும் பழைய நூல்களில் காணப்படுகின்றன. 2012 ஆம் ஆண்டு சாப்பல் ஹில் பெயரிடல் மாநாட்டின் திருத்தப்பட்ட பட்டியலில், நோய்களுக்கு ஆட்பெயர் இடுவதைத் தவிர்க்கும் போக்கில், "இயோசினோபிலிக் கிரானுலோமடோசிஸ் வித் பாலிஆஞ்சைடிஸ்" என்ற பெயர் ஏற்கப்பட்டது. தமிழில் இதனை "பல்குழல் அழற்சியுடன் கூடிய இயோசினோபில் சிறுமணிக்கட்டி நோய்" எனலாம். மருத்துவ அறிக்கைகளில் இதன் சுருக்கம் "ஈ.ஜி.பி.ஏ." என எழுதப்படும். புதிய பெயர் நோயின் இயல்பைத் துல்லியமாகச் சொல்கிறது என்பது உண்மையே. எனினும் நாவில் எளிதில் நிற்பது பழைய பெயர்தான். இக்கட்டுரையில் அதுவே பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

1951 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த நோயியலாளர்களான ஜேக்கப் சர்க், லாட்டே ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் 13 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இருவருமே ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். ஸ்ட்ராஸ் செருமனியின் நூரம்பர்க் நகரில் பிறந்தவர். குழந்தை நோயியலில் பின்னாளில் பெயர் பெற்றார். சர்க் சிறுநீரக நோயியலில் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

அந்த 13 பேருக்கும் கடும் ஆஸ்துமா, காய்ச்சல், குருதியில் இயோசினோபில் மிகுதி, பல உறுப்புகளில் குருதிக்குழல் அழற்சி ஆகியவை இருந்தன. அக்காலத்தில் இத்தகைய நோயாளிகள் அனைவரும் "பெரிஆர்ட்டரைட்டிஸ் நொடோசா" என்ற, 1866 இலேயே விவரிக்கப்பட்ட தமனி அழற்சி நோயின் கீழ் அடக்கப்பட்டனர். திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த இருவரும் மூன்று கூறுகளைச் சுட்டிக்காட்டி இது தனி நோய் என்றனர். குழலின் சுவர் அழுகிச் சிதைதல், திசுக்களில் இயோசினோபில்கள் குவிதல், குழலுக்கு வெளியே கிரானுலோமா எனும் சிறுமணிக்கட்டிகள் தோன்றுதல் ஆகியவையே அம்மூன்று.

கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து 1948 இல்தான் முதன்முறையாக மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. சர்க்கும் ஸ்ட்ராசும் விவரித்த நோயாளிகள் அந்த மருந்து பரவலாவதற்கு முந்தைய தலைமுறையினர். நோயின் முழு உருவமும் அவர்களிடம் வெளிப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று ஆஸ்துமாவுக்கே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு விடுவதால் நோய் அரைகுறையாகவே வெளிப்படுகிறது. நுண்ணோக்கியில் அம்மூன்று கூறுகளையும் ஒரே திசுத் துண்டில் காண்பது இப்போது அரிது. இதனாலேயே பின்வந்த மருத்துவர்கள் திசுவை மட்டும் நம்பாமல், நோயாளியின் அறிகுறிகளை அடிப்படையாகக் கொண்ட அளவுகோல்களை உருவாக்க வேண்டியதாயிற்று.

நோய் உண்டாகும் விதம்

இயோசினோபில் என்பது வெண்குருதியணுக்களில் ஒரு வகை. இயோசின் என்ற செந்நிறச் சாயத்தை ஏற்று நுண்ணோக்கியில் சிவந்து தோன்றுவதால் 1879 இல் பால் எர்லிக் இதனை இனங்கண்டார். உடலில் நுழையும் புழுக்களைத் தாக்குவது இதன் பணிகளுள் ஒன்று. இதன் உள்ளே சிறுமணிகளாக நச்சுத்தன்மை வாய்ந்த புரதங்கள் அடைத்து வைக்கப்பட்டுள்ளன. புழுவின் தோலைத் துளைக்கவல்ல இப்புரதங்கள், இடம் மாறி வெளியேறினால் நம் சொந்தத் திசுக்களையும் அதே போல அழிக்கின்றன.

இந்நோயில் டி-உயிரணுக்கள் என்னும் வெண்குருதியணுக்கள் தூண்டப்பட்டு, இன்டர்லூக்கின்-5 என்ற செய்திப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. எலும்பு மச்சையில் இயோசினோபில்கள் பெருகுவதற்கும், பெருகியவை விரைவில் மடியாமல் நிலைத்திருப்பதற்கும் இப்புரதமே கட்டளை இடுகிறது. இத்தகவல் வெறும் உயிரியல் செய்தி அன்று. பின்னர் விவரிக்கப்படும் புதிய மருந்துகள் அனைத்தும் இந்த ஒரு கண்ணியைத்தான் குறிவைக்கின்றன.

மற்றொரு வழியும் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காட்டினரிடம் "ஆன்கா" எனப்படும் பிறபொருளெதிரி காணப்படுகிறது. இது நியூட்ரோபில் என்ற வேறொரு வெண்குருதியணுவின் உட்பொருளைத் தாக்கும் தன்னெதிர்ப்புப் பொருள். பெரும்பாலும் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதிக்கு எதிரானதாக இருக்கும். ஆன்கா உள்ளவர்களிடம் நரம்பு, சிறுநீரகம், தோல் ஆகியவற்றில் குழல் அழற்சி கூடுதலாகவும், ஆன்கா இல்லாதவர்களிடம் இதயப் பாதிப்பு கூடுதலாகவும் காணப்படுவதாக 2005 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எனவே ஒரே பெயரின் கீழ் இரண்டு நோய்கள் உள்ளனவா என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே நீடிக்கிறது. நோய் ஏன் தொடங்குகிறது என்பதற்கு உறுதியான விடை இல்லை.

நோயின் படிநிலைகள்

நோய் மூன்று படிகளில் வளர்வதாக 1984 இல் லான்ஹாமும் உடன் பணியாற்றியோரும் விவரித்தனர். படிகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். எல்லாரிடமும் இதே வரிசையில் வருவதில்லை.

முதற்படி ஒவ்வாமைப் படி. மூக்கடைப்பு, தும்மல், மூக்கினுள் சதை வளர்ச்சி, சைனஸ் அழற்சி ஆகியவை தோன்றும். ஆஸ்துமா சிறுவயதில் அல்லாமல், முப்பது நாற்பது வயதில் புதிதாகத் தொடங்கும். இதற்கு முன் இழுப்பு என்பதையே அறியாதவருக்கு நடுவயதில் ஆஸ்துமா வந்து, ஆண்டுதோறும் கடுமையாகிக்கொண்டே போவது கவனத்துக்குரியது. ஆஸ்துமா தொடங்கிய பின் குழல் அழற்சி வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த இடைவெளி மிகக் குறுகியதாக இருந்தால் நோய் கடுமையாக இருக்கக்கூடும் என்பர்.

இரண்டாம் படியில் குருதியிலும் திசுக்களிலும் இயோசினோபில்கள் பெருகுகின்றன. நுரையீரலில் திட்டுத்திட்டாக நிழல்கள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தோன்றும். ஒரு வாரம் இங்கும் மறு வாரம் அங்குமாக இடம் மாறும். குடலில் குவிந்தால் வயிற்றுவலியும் கழிச்சலும் உண்டாகும்.

மூன்றாம் படியே குருதிக்குழல் அழற்சி. காய்ச்சல், உடல் எடை குறைதல், தசைவலி, மூட்டுவலி, காரணம் புரியாத சோர்வு ஆகியவை முன்னறிவிப்புகள். இக்கட்டத்தில் சிலருக்கு ஆஸ்துமா குறைந்துவிட்டது போலத் தோன்றும். நோயாளி தேறிவருவதாக வீட்டார் எண்ணும் வேளையில் நோய் உண்மையில் முற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

உறுப்புகளின் பாதிப்பு

நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் புற நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. நரம்புக்கும் உணவு வேண்டும். அதற்கென மயிரிழை போன்ற குருதிக்குழல்கள் உள்ளன. அவை அடைபடும்போது அந்த நரம்பு பட்டினியால் மடிகிறது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால், ஓரிரு நாட்களுக்குள் பாதத்தை மேலே தூக்க இயலாமல் போகும். நடக்கையில் முன்பாதம் தரையில் தேயும். செருப்பு தானே கழன்று விழும். சில நாட்களில் மறு கையின் சுண்டு விரல் மரத்துப் போகலாம். இவ்வாறு தொடர்பில்லாத நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதே இந்நோயின் தனி முத்திரை. நீரிழிவில் இரு பாதங்களும் சமச்சீராக, மெதுவாக மரத்துப்போவதிலிருந்து இது வேறுபட்டது. நரம்பு ஆறுவதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். முற்றிலும் மடிந்த நரம்பு முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே பாதத் தொய்வு தோன்றிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலமே, பிற்காலத்தில் அவர் நடக்கும் நடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இதயமே உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம். இயோசினோபில்கள் இதயத்தசையில் நுழைந்து அழற்சியை உண்டாக்கும். பின்னர் அவ்விடம் தழும்பாகி இதயம் வலுவிழக்கும். இதய உறையில் நீர் கோக்கலாம். கரோனரித் தமனிகளும் அழற்சியுறலாம். நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் ஆஸ்துமாவின் மீது ஏற்றிச் சொல்லப்படும் ஆபத்து இங்கு அதிகம். எந்த அறிகுறியும் இன்றியும் இதயம் பாதிக்கப்படலாம் என்பதால், நோய் உறுதியான எல்லாருக்கும் இ.சி.ஜி., எக்கோ, ட்ரோபோனின் சோதனைகள் செய்யப்பட வேண்டும். ஐயம் இருப்பின் இதயக் காந்த அதிர்வுப் படமும் எடுப்பர்.

தோலில், சிறப்பாகக் கால்களில், தடவினால் தடிப்பாக உணரப்படும் செவ்வூதாப் புள்ளிகள் தோன்றும். முழங்கையில் சிறு முடிச்சுகளும் உண்டாகலாம். சிறுநீரகப் பாதிப்பு ஏறத்தாழக் கால்பங்கினருக்கே ஏற்படுகிறது. குடலின் குழல்கள் அடைபட்டால் குருதிக்கசிவும் குடல் ஓட்டையும் நேரலாம்; இது அறுவை சிகிச்சை அவசரநிலை.

நோயறிதல்

முதல் துப்பு எளிய குருதிச் சோதனையிலேயே கிடைக்கிறது. ஆனால் ஆய்வகச் சீட்டைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல ஆய்வகங்கள் இயோசினோபிலை விழுக்காட்டில் மட்டுமே தருகின்றன. மொத்த வெண்குருதியணு எண்ணிக்கையை அவ்விழுக்காட்டால் பெருக்கினால்தான் உண்மையான அளவு தெரியும். மொத்தம் 6,000, இயோசினோபில் 8 விழுக்காடு எனில் விடை 480. இது இயல்பின் மேல் எல்லையான 500 க்குள் அடங்கும். மொத்தம் 16,000, இயோசினோபில் 12 விழுக்காடு எனில் விடை 1,920. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கன மில்லிமீட்டரில் 1,500 ஐத் தாண்டினால் காரணம் தேடப்பட வேண்டும். இந்நோயில் 10,000 ஐயும் தாண்டுவது உண்டு.

இன்னொன்றும் முக்கியமானது. ஸ்டீராய்டு மருந்து உடலில் சென்ற சில மணி நேரங்களிலேயே குருதியின் இயோசினோபில்கள் குறைந்துவிடும். இழுப்புக்காக ஊசி போட்டுக்கொண்டோ, ஒரு வாரம் பிரெட்னிசோலோன் மாத்திரை விழுங்கியோ வரும் நோயாளியின் குருதியில் எண்ணிக்கை இயல்பாக இருந்தால் அது எதையும் மெய்ப்பிப்பதில்லை. எனவே மருந்துக்கு முன் எடுக்கப்பட்ட பழைய சீட்டுகள் மதிப்பு மிக்கவை. அவற்றைத் தூக்கி எறியாமல் கோப்பில் வைத்திருப்பது நோயாளி தமக்குத் தாமே செய்துகொள்ளும் பேருதவி.

தமிழ்நாட்டிலும் பிற வெப்பமண்டலப் பகுதிகளிலும் இச்சிக்கல் மேலும் குழப்பமாகிறது. இங்கு இயோசினோபில் மிகுதிக்கு மிகப் பொதுவான காரணம் குடற்புழுக்களும் ஒவ்வாமையுமே. நீங்காத இருமலுக்கே "ஈஸ்னோபீலியா" என்று பெயர் வைத்து அழைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்குஞ்சுகளுக்கு எதிரான மிகை எதிர்வினையால் உண்டாகும் வெப்பமண்டல நுரையீரல் இயோசினோபில் நோயை, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பிரிமட்-மோலரும் பார்ட்டனும் 1940 இல் விவரித்தனர். 1943 இல் வைங்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல இயோசினோபீலியா எனப் பெயரிட்டார். இரவில் மிகும் இருமல், இழுப்பு, 3,000 ஐத் தாண்டும் இயோசினோபில், நுரையீரல் நிழல்கள் என எல்லாமே சர்க்-ஸ்ட்ராஸ் நோயை ஒத்திருக்கும். வேறுபாடு இரண்டு. முதலாவது, டைஎத்தில்கார்பமசின் மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் அது பெரும்பாலும் விரைந்து குணமாகும். இரண்டாவது, அதில் நரம்புகள் செயலிழப்பதில்லை. மருந்து முடித்தும் எண்ணிக்கை குறையாதவரை, அல்லது கால் மரத்துப்போனவரை, மீண்டும் அதே மருந்தில் வைத்திருப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

நரம்புப் பாதிப்பைப் பொறுத்தும் இத்தகைய குழப்பம் நேர்கிறது. தனித்தனி நரம்புகள் செயலிழப்பதற்கு இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது தொழுநோய், அது நியாயமே. தோலில் உணர்விழந்த திட்டு, தடித்த நரம்பு ஆகியவை தொழுநோய்க்குச் சான்று. ஆனால் நாட்கணக்கில் வேகமாகப் பரவும் செயலிழப்பு, கூடவே ஆஸ்துமா, உயர்ந்த இயோசினோபில் மூன்றும் சேர்ந்திருந்தால் குழல் அழற்சியை நினைக்க வேண்டும்.

பிற ஒத்த நோய்களையும் விலக்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சைக்கு ஏற்படும் நுரையீரல் ஒவ்வாமை இந்திய ஆஸ்துமா நோயாளிகளிடையே குறைவன்று. அதற்கெனத் தனிக் குருதிச் சோதனைகள் உள்ளன. மருந்து ஒவ்வாமை, நாட்பட்ட இயோசினோபில் நுரையீரல் அழற்சி, இயோசினோபில் வகைக் குருதிப் புற்று ஆகியவையும் பட்டியலில் அடங்கும். இறுதியாகச் சொன்னதில் ஒரு குறிப்பிட்ட மரபணு இணைவு இருந்தால் இமாட்டினிப் மாத்திரை சிறப்பாக வேலை செய்யும் என்பதால் அதனைப் பிரித்தறிவது பயனுள்ளது.

ஆன்கா சோதனை நேர்முடிவு தந்தால் உதவும். எதிர்முடிவு தந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. இதனை வலியுறுத்திச் சொல்லக் காரணம், ஆறு பேரில் ஏறத்தாழ நால்வருக்கு அது எதிர்முடிவாகவே இருக்கும். பயாப்சி எனப்படும் திசு ஆய்வு, எளிதில் எட்டும் பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். தோல் புண், கணுக்கால் அருகிலுள்ள உணர்வு நரம்பு, அதை ஒட்டிய தசை ஆகியவை வழக்கமான இடங்கள். மார்பகச் சி.டி. படம், சிறுநீர்ச் சோதனை, நரம்புக் கடத்தல் சோதனை ஆகியவையும் செய்யப்படும்.

அளவுகோல்களும் அவற்றின் வரம்பும்

1990 இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி ஆறு கூறுகளை வகுத்தது: ஆஸ்துமா, 10 விழுக்காட்டுக்கு மேல் இயோசினோபில், நரம்புப் பாதிப்பு, இடம் மாறும் நுரையீரல் நிழல்கள், சைனஸ் கோளாறு, குழலுக்கு வெளியே இயோசினோபில்கள் குவிந்திருப்பதைக் காட்டும் திசு ஆய்வு. இவற்றுள் நான்கு இருந்தால் போதும் எனப்பட்டது.

2022 இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் அமைப்புகள் இணைந்து புள்ளி முறை ஒன்றை வெளியிட்டன. மூச்சுக்குழல் அடைப்பு நோய்க்கு 3, மூக்குச் சதைக்கு 3, தனித்தனி நரம்புகளின் செயலிழப்புக்கு 1, இயோசினோபில் 1,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் 5, திசுவில் இயோசினோபில் அழற்சிக்கு 2 எனக் கூட்ட வேண்டும். சைட்டோபிளாச வகை ஆன்கா அல்லது அதற்கு இணையான புரோட்டினேஸ்-3 பிறபொருளெதிரி இருந்தால் 3 ஐயும், சிறுநீரில் குருதி இருந்தால் 1 ஐயும் கழிக்க வேண்டும். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் இந்நோய் என வகைப்படுத்தலாம்.

இணையத்தில் இப்பட்டியலைக் கண்டு தாமே கணக்கிட்டு அஞ்சுவோர் உண்டு. ஆஸ்துமாவுக்கு 3, இயோசினோபிலுக்கு 5, ஆக 8. எனவே எனக்கு இந்நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இம்முறை, சிறிய அல்லது நடுத்தரக் குழல்களின் அழற்சி இருப்பது ஏற்கெனவே உறுதியாகி, ஒத்த நோய்கள் விலக்கப்பட்ட பின், அது எந்த வகை அழற்சி என்று பிரிக்க மட்டுமே உருவாக்கப்பட்டது. நிரலாளர் மொழியில் கூறின், உள்ளீட்டுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையைச் சோதிக்காமல் சார்பை அழைத்தால் வரும் விடைக்குப் பொருள் இல்லை. இயோசினோபில் மிகுந்த சாதாரண ஆஸ்துமா நோயாளிகள் மிகப் பலர். அவர்களில் மிகச் சிலருக்கே குழல் அழற்சி ஏற்படுகிறது.

ஆஸ்துமா மருந்துகளும் இந்நோயும்

1998 இல், சாஃபிர்லூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரையை உட்கொண்ட எட்டுப் பேருக்கு இந்நோய் வெளிப்பட்டதாக அறிக்கை வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மான்டெலூகாஸ்ட் மருந்து குறித்தும் பின்னர் இத்தகைய செய்திகள் வந்தன. மருந்தே நோயை உண்டாக்கியதா என்ற கேள்வி எழுந்தது. இம்மருந்துகளால் ஆஸ்துமா கட்டுக்குள் வந்ததும் ஸ்டீராய்டு மாத்திரை குறைக்கப்பட்டது, அதுவரை அதன் போர்வையில் மறைந்திருந்த நோய் வெளியே தெரிந்தது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். எனினும் ஸ்டீராய்டு குறைக்கப்படாத சிலரிடமும் நோய் தோன்றியதால் விவாதம் முழுதாக முடியவில்லை. நடைமுறையில் இதிலிருந்து கொள்ள வேண்டியது, ஆஸ்துமா நோயாளிக்கு ஸ்டீராய்டைக் குறைக்கும் மாதங்களில் புதிய மரப்பு, தோல் புள்ளிகள், காய்ச்சல், நெஞ்சுவலி தோன்றினால் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதே.

சிகிச்சை

சிகிச்சையின் அடித்தளம் ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கி, சில வாரங்களுக்குப் பின் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கப்படும். உயிருக்கோ முக்கிய உறுப்புக்கோ ஆபத்து இருந்தால் மெத்தில்பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை மூன்று நாட்களுக்கு நரம்பூசியாகச் செலுத்தப்படும்.

ஸ்டீராய்டு தொடங்குமுன் வெப்பமண்டல நாடுகளில் தவறவிடக்கூடாத ஒரு படி உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற நூற்புழு, மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோல் வழியே நுழைந்து, அறிகுறி ஏதுமின்றிப் பல்லாண்டுகள் குடலில் வாழவல்லது. இதுவும் இயோசினோபிலை உயர்த்தும். இப்புழு உள்ளவருக்கு மிகுந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தால், அது கட்டுக்கடங்காமல் பெருகி உடலெங்கும் பரவி உயிரைப் போக்கும். எனவே மலச் சோதனையும் குருதிச் சோதனையும் செய்வர். அவசரமாயின் முடிவுக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் மாத்திரையைக் கொடுத்துவிடுவர். மறைந்திருக்கும் காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி நச்சுயிரியும் கூடச் சோதிக்கப்பட வேண்டும். மருந்து எதிர்ப்பாற்றலைத் தணிக்கும்போது இரண்டும் தலைதூக்கும்.

யாருக்கு ஸ்டீராய்டு மட்டும் போதும், யாருக்குப் போதாது என்பதை முடிவு செய்ய, பிரான்சின் லோயிக் கில்லவினும் குழுவினரும் 1996 இல் ஐங்காரணி மதிப்பெண்ணை உருவாக்கினர். இதயம், குடல், சிறுநீரகம், மைய நரம்பு மண்டலம் ஆகியவற்றின் பாதிப்பு அதில் எண்ணப்பட்டது. பின்னர் வயதும் பிற கூறுகளும் சேர்த்துத் திருத்தப்பட்டது. கடும் நோய்க்கு ஸ்டீராய்டுடன் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்சிமாப் சேர்க்கப்படுகிறது. சைக்ளோபாஸ்பமைடு வலிமையான மருந்து. சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம், குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். இளம் வயதினர் மருந்து தொடங்குமுன் இதனை மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது. நோய் அடங்கிய பின் அசாத்தியோபிரின், மெத்தோட்ரெக்சேட் போன்ற மென்மையான மருந்துகளுக்கு மாற்றுவர்.

அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம் இன்டர்லூக்கின்-5 ஐத் தடுக்கும் மருந்துகள். மெப்போலிசுமாப் அப்புரதத்தையே பிடித்துக்கொள்கிறது. 2017 இல் வெளியான ஆய்வில், நோய் மீண்டும் மீண்டும் வந்த அல்லது அடங்காத 136 பேருக்கு 52 வாரம் மெப்போலிசுமாப் அல்லது மருந்துப்போலி கொடுக்கப்பட்டது. 36 ஆம் வாரத்திலும் 48 ஆம் வாரத்திலும் நோய் தணிந்திருந்தோர் மருந்து பெற்றவர்களில் 32 விழுக்காடு. போலி பெற்றவர்களில் 3 விழுக்காடு. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இந்நோய்க்கு ஒப்புதல் அளித்த முதல் மருந்தாக அது ஆனது. அளவு நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோலடியில் 300 மில்லிகிராம். ஆஸ்துமாவுக்கு இதே மருந்து 100 மில்லிகிராம்தான் என்பதால் அளவுக் குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பென்ராலிசுமாப் இயோசினோபில் உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டி அவ்வுயிரணுவையே அழிக்கிறது. 2024 இல் வெளியான, 140 பேர் பங்கேற்ற நேரடி ஒப்பீட்டில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. நோய் தணிந்தோர் 59, 57 விழுக்காடு. ஆண்டு இறுதியில் ஸ்டீராய்டை முற்றிலும் நிறுத்த முடிந்தவர்கள் பென்ராலிசுமாபில் 41 விழுக்காடும் மெப்போலிசுமாபில் 26 விழுக்காடும் ஆவர். இரு ஆய்வுகளின் விழுக்காடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பொருந்தாது. பங்கேற்றோரும் தணிவின் வரையறையும் வேறு. மேலும் இவ்விரு ஆய்வுகளிலும் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தோர் சேர்க்கப்படவில்லை. எனவே இதயமோ சிறுநீரகமோ கடுமையாகத் தாக்கப்பட்டவருக்கு முதல் மருந்தாக இவற்றை நம்ப இயலாது. விலையும் பெரும் தடை.

நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்போருக்கு நீரிழிவு, எலும்பு தேய்வு, கண்புரை, தொற்று ஆகியவை வரலாம். கால்சியமும் வைட்டமின் டி-யும், தேவைப்படின் நுரையீரல் பூஞ்சைத் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோலும் தரப்படும். ஸ்டீராய்டை நோயாளி தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. உடல் தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசாலின் உற்பத்தி அதற்குள் உறங்கிப்போயிருக்கும். குருதியழுத்தம் சரிந்து உயிராபத்து நேரலாம். பாதத் தொய்வு உள்ளவருக்கு மருந்துடன் இயன்முறைப் பயிற்சியும் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் சாதனமும் தேவை. இது பல நேரங்களில் மறக்கப்படுகிறது.

நோய்ப்போக்கு

ஸ்டீராய்டுக்கு முந்தைய காலத்தில் குழல் அழற்சி தோன்றியவர்களில் பாதிப்பேர் மூன்று மாதங்களுக்குள் இறந்தனர் எனப் பழைய நூல்கள் குறிக்கின்றன. இன்று சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. இயோசினோபில் மீண்டும் உயர்வது சிலரிடம் முன்னெச்சரிக்கையாக அமையும், எல்லாரிடமும் அன்று. குழல் அழற்சி முற்றிலும் அடங்கிய பின்னும் ஆஸ்துமா பெரும்பாலும் தொடர்கிறது; அதற்கான உள்ளிழுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது. கண்காணிப்பில் குருதி எண்ணிக்கை, சிறுநீர், கிரியாட்டினின், எக்கோ ஆகியவை குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்யப்படும். இன்டர்லூக்கின்-5 ஐத் தடுக்கும் மருந்தில் இருப்பவருக்கு இயோசினோபில் எண்ணிக்கை மருந்தாலேயே மிகத் தாழ்ந்திருக்கும். அவரிடம் புதிய மரப்போ தோல் புள்ளியோ தோன்றினால், எண்ணிக்கை இயல்பாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் நரம்பையும் சிறுநீரையும் நேரடியாகச் சோதிக்க வேண்டும்.